கேஸ் ஃபர்னஸில் புதிதாகக் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் கடுங்குளிர் இரவில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நிற்கும். வீடு சில்லிட்டுப் போக, ஆளாளுக்கு டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக அதன் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். அனுபவம் உள்ளவர்களும் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளைத்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதியவர்கள் செய்கிறார்கள். ஃபில்டரை மாற்ற மறப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை இங்கே சொல்லப்போவதில்லை.

மூடியைக் கழற்றிய பிறகு பிழைக் குறியீட்டைத் தேடுவது

சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் ப்ளோயர் பக்கத்து மூடியைக் கழற்றியதும் கதவு சுவிட்ச் கரண்டைத் துண்டித்துவிடும். கட்டுப்பாட்டு போர்டில் பிழைக் குறியீட்டை மின்னிக் காட்டிக்கொண்டிருந்த எல்.இ.டி. அணையும். பல போர்டுகளில் குறியீடும் அதோடு அழிந்துபோகும். முதலில் மூடியில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான விளக்க அட்டவணை பெரும்பாலும் மூடியின் உட்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். கதவு சுவிட்சை டேப் போட்டு அழுத்தி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

குறியீட்டைப் படித்த பிறகு, உள்ளே கை வைக்குமுன் ஃபர்னஸுக்கான மெயின் சுவிட்சை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டை அணைத்தால் மட்டும் கரண்ட் நிற்காது.

அதிக நுணுக்கமான ஃபில்டர்

தூசி ஒன்றுகூட நுழையக் கூடாது என்று ஒரு அங்குலத் தடிமனில் மெர்வ் 13 வாங்கிச் செருகுகிறார்கள் (மெர்வ் எண் கூடக் கூட ஃபில்டர் நுணுக்கமானது). ஒரு அங்குலத்துக்குள் அவ்வளவு நெருக்கமான இழை இருந்தால் பல ஃபர்னஸ்கள் காற்றுக்குத் திணறும். காற்றோட்டம் குறைந்தால், தீயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகி, லிமிட் சுவிட்ச் தீயை அணைக்கும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி அணையும். இப்படிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறித்தான் அந்த உலோகத்தில் விரிசல் விழுகிறது. ஒரு அங்குல இடத்துக்கு மெர்வ் 8 போதும். அதைவிட நுணுக்கமானது வேண்டுமென்றால் நான்கு, ஐந்து அங்குலத் தடிமனுக்கு ஏற்ற பெட்டி பொருத்துங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும்.

ஃபிளேம் சென்சரை மணல்தாளால் தேய்ப்பது

தீ பற்றுகிறது, சில நொடிகளில் அணைகிறது, மறுபடி முயல்கிறது, நாலைந்து முறைக்குப் பிறகு பூட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் இது, தீ எரிகிறதா என்று உணரும் கம்பியான ஃபிளேம் சென்சரில் படிந்த மெல்லிய படலத்தின் வேலை. தீ வழியாக அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரம் சில மைக்ரோ ஆம்பியர்தான். அதனால் கண்ணுக்கே தெரியாத படலமும் அதை மறித்துவிடும். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் சென்சர் கையோடு வரும். நுண்ணிய ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து மாட்டுங்கள். மணல்தாள் கம்பியில் கோடு போடும், அந்தக் கோடுகளில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பக்கத்தில் இருக்கும், தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரில் விரல் பட வேண்டாம். தோலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, அங்கேயே உடையும்.

பிரஷர் சுவிட்சைக் குற்றவாளியாக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் ஆற்றாமையைத் தரும் தவறு இது. "பிரஷர் சுவிட்ச் திறந்திருக்கிறது" என்று குறியீடு சொல்கிறது. உடனே புது சுவிட்ச் வாங்குகிறார்கள். மாட்டியதும் ஃபர்னஸ் ஓடுகிறது, இரண்டு நாளில் மறுபடி நிற்கிறது. அடுத்து, புகையை வெளியே தள்ளும் இண்டியூசரின் மோட்டார், அதற்கடுத்து போர்டு. பழைய சுவிட்சில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது. புதியதை மாட்டும்போது ரப்பர் குழாயைப் பிடுங்கியதில் உள்ளே நின்ற தண்ணீர் சொட்டியிருக்கும். அந்த இரண்டு நாள் ஓட்டத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

இண்டியூசர் போதுமான இழுவையை உண்டாக்கினால்தான் இந்த சுவிட்ச் மூடும், அதாவது மின்சுற்றை இணைக்கும். மூடினால்தான் இக்னைட்டர் சிவக்கும், கேஸ் திறக்கும். சுவிட்ச் மூடவில்லை என்றால் புகை போகும் வழியில்தான் சிக்கலைத் தேட வேண்டும். இந்த வரிசையில் பாருங்கள்:

1. வெளியே போய் காற்று வரும் குழாய், புகை போகும் குழாய் இரண்டையும் பாருங்கள். பனி, சருகு, குளவிக்கூடு.
2. ரப்பர் குழாயை சுவிட்ச் பக்கம் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். சுவிட்சோடு மாட்டியிருக்கும்போது குழாயில் வாய் வைத்து ஊதினால் சுவிட்சின் உள்சவ்வு கிழியலாம். ஊத வேண்டுமென்றால் இரு முனையையும் கழற்றிவிட்டு ஊதுங்கள்.
3. குழாயின் மறுமுனை சேரும் சின்னத் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். துருவும் கசடும் அடைவது அங்கேதான்.
4. பிளாஸ்டிக் புகைக்குழாய் உள்ள, புகையின் ஈரத்தைத் தண்ணீராக வடிக்கும் கண்டென்சிங் ஃபர்னஸாக இருந்தால், அடியில் வாளி வைத்து, அந்தத் தண்ணீர் வடியும் வழியில் உள்ள ட்ராப்பைக் கழற்றுங்கள். வழவழவென்று பழுப்புச் சேறு வரும். வெந்நீரில் கழுவி, தண்ணீர் நிரப்பியே மாட்டுங்கள். காலியாக மாட்டினால் அதன் வழியே புகை வீட்டுக்குள் கசியலாம்.
5. வடிகால் குழாய் எங்காவது தொய்ந்து தண்ணீர் தேங்குகிறதா, குளிரில் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும், அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரை எடுங்கள். சுவிட்சின் மேலேயே அது மூட வேண்டிய அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். இழுவை அதைத் தாண்டியும் சுவிட்ச் மூடவில்லை என்றால்தான் அது பழுது. மாற்றும்போது அதே அளவுள்ளதையே போடுங்கள்.

இதைவிட மோசம், சுவிட்சின் இரு முனைகளையும் நேராக இணைத்து ஜம்பர் வயர் போடுவது. இண்டியூசர் ஓடுவதற்கு முன்பே சுவிட்ச் மூடியிருந்தால் போர்டு சந்தேகப்பட்டு நின்றுவிடும். அதனால் இண்டியூசர் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்து, பிறகு வயரைச் சொருகுகிறார்கள். தீ பற்றுகிறது, வீடு சூடாகிறது, தூங்கப் போகிறார்கள். புகைக்குழாய் அடைந்திருந்தால் அந்த இரவில் வீட்டுக்குள் சேர்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அடைப்பு வடிகாலில் இருந்தாலும் தப்பிக்க முடியாது. வெளியேறாத அமிலத் தண்ணீர் இண்டியூசருக்குள் தேங்கி மோட்டாரைக் கெடுக்கும். ஒரு கரண்டி சேற்றை எடுக்காததற்கு மோட்டாரையே மாற்ற வேண்டிவரும். தயவுசெய்து அந்த வயரைக் கையில் எடுக்காதீர்கள்.

ஃப்யூஸுக்குப் பதில் பெரிய ஃப்யூஸ்

போர்டில் 3 ஆம்பியர் இருந்த இடத்தில் 3 ஆம்பியர்தான். மறுபடி எரிந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வயர் எங்கோ உரசுகிறது.

ரோல்-அவுட் சுவிட்சின் பட்டனை அழுத்திவிட்டுப் போவது

தீ பர்னருக்கு வெளியே வந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து ஃபர்னஸை நிறுத்தியது. காரணம் தெரியாமல் அழுத்தாதீர்கள்.

கேஸ் வால்வின் ஸ்க்ரூவைத் திருகுவது

கூடாது.

வேலை முடிந்ததும் மூடிவிட்டுக் கிளம்புவது

ஒரு முழுச் சுற்று பக்கத்தில் நின்று பாருங்கள். இண்டியூசர், இக்னைட்டர், தீ, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் ப்ளோயர் என்ற வரிசையில் நடக்க வேண்டும். தீ நீலமாக, நேராக உள்ளே போக வேண்டும். ப்ளோயர் ஓடத் தொடங்கிய அந்தக் கணத்தில் கண்ணை எடுக்காதீர்கள். அதுவரை நேராக நின்ற தீ அப்போது ஆடினாலோ மஞ்சளாகி வெளியே வளைந்தாலோ, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம். ஃபர்னஸை அணைத்து, கேஸையும் மூடி, உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை எவ்வளவு குளிரானாலும் அதை மறுபடி ஓடவிடக் கூடாது.