பாப் பாலட் சிங்கிள்: மெட்டு கட்டுவது முதல் கேட்பவரின் எதிர்வினையைப் படிப்பது வரை

பாலட் என்னும் மெதுவான, உணர்ச்சிப் பாட்டில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. துள்ளல் பாட்டில் ஒரு சுமாரான வரியை டிரம்ஸும் பேஸும் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுகள்தான். ஒவ்வொரு சொல்லும் தனியே காதில் விழும். அதனால் எந்தப் படியில் இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது சேர்க்கும் இந்த ஒலி குரலுக்கு வழிவிடுகிறதா, வழியை மறிக்கிறதா?

1. வேகமும் நீளமும்

72 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 72 தட்டு) தொடங்கலாம். ஒரு தட்டு 833 மில்லிசெகண்ட்; நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 3.3 விநாடி. முகப்பிசை 4 பார், சரணம் 8, முன்கோரஸ் (கோரஸுக்கு ஏற்றிச் செல்லும் பகுதி) 4, கோரஸ் (பல்லவி) 8. மறுபடி சரணம் 8, முன்கோரஸ் 4, கோரஸ் 8. பிரிட்ஜ் (கடைசி கோரஸுக்கு முன் வரும் மாறுபட்ட பகுதி) 8, கடைசி கோரஸ் 8, முடிவு 4. மொத்தம் 64 பார், 3 நிமிடம் 33 விநாடி. முதல் கோரஸ் 53ஆவது விநாடியில் வரும். அதற்கு மேல் தள்ளிப்போனால் பொறுமை தீர்ந்துவிடும். பல்லவியில் தொடங்கும் பாட்டுகளுக்குப் பழகிய காதுக்கு இந்த 53 விநாடியே நீளம்தான். ஆகவே முகப்பிசையை 2 பாராகக் குறைக்கவோ, கோரஸ் மெட்டின் ஒரு துணுக்கைப் பியானோவில் முதலிலேயே காட்டவோ தயங்க வேண்டாம்.

2. சுருதி

பாடுபவரின் உச்ச ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு செமிடோன் கீழே (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் இரண்டு கட்டை) கோரஸின் உச்சி வரும்படி சுருதியை வையுங்கள். ஒருமுறை எட்டிவிடும் உயரத்தை, பதிவு நாளில் இருபதாவது முறை எட்ட முடியாது. கடைசி கோரஸில் சுருதி ஏற்றும் எண்ணம் இருந்தால் அந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சரணம் மிகக் கீழே போய் முணுமுணுப்பாகிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் ஒரே குரல் தாங்கவில்லை என்றால் சுருதியை மாற்றிப் பயனில்லை. மெட்டைத்தான் மாற்ற வேண்டும்.

3. சொற்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மெதுவான பாட்டில் ஸ்வரங்கள் நீளும். தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். ‘விடு’ என்று எழுதி முதல் எழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்தால் கேட்பவருக்கு ‘வீடு’ என்றுதான் கேட்கும். ‘மலை’ மாலையாகும், ‘கொடு’ கோடாகும். நீளும் ஸ்வரங்கள் எவை என்று முதலில் மெட்டில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் நெடில் வரும் சொற்களைத் தேடுங்கள். சொல்லை மாற்ற மனமில்லையா? குறிலைச் சட்டென்று தொட்டுவிட்டு அடுத்த எழுத்தில் நில்லுங்கள்.

உச்ச ஸ்வரத்தில் ஆ, ஓ போன்ற திறந்த உயிர்கள் வந்தால் குரல் தானே விரியும். ஈ, ஊ வந்தால் தொண்டை இறுகும். வரியின் கடைசி எழுத்து க், ட் என்று அடைபட்டு நின்றால் நீட்டவே வழியில்லை. இரண்டு பாருக்கு ஒருமுறை, அதாவது 6 முதல் 7 விநாடிக்குள், மூச்சு வாங்க அரைத்தட்டாவது காலியாக விடுங்கள். எழுதி முடித்ததும் இசை இல்லாமல், பேசும் வேகத்தில் வாய்விட்டுப் படியுங்கள். பேசும்போது அழுத்தம் விழாத அசையில் மெட்டு அழுத்துகிறது என்றால் அந்த வரி செயற்கையாகக் கேட்கும். எவ்வளவு நல்ல குரலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

4. வாத்தியக் கட்டமைப்பு

முதல் சரணம் பியானோவோ கிட்டாரோ ஒன்றுடன் மட்டும். முன்கோரஸில் பேஸும், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் மெல்லிய பேடும் சேரட்டும். டிரம்ஸை இரண்டாம் கோரஸ் வரை பிடித்து வையுங்கள். எல்லாவற்றையும் முதல் கோரஸிலேயே கொட்டிவிட்டால் பிறகு ஏறுவதற்கு இடமில்லை. பிரிட்ஜில் பாதியைக் கழற்றிவிட்டுக் கடைசி கோரஸில் ஹார்மனிக் குரல்களோடு திரும்புங்கள்.

குரல் ஓடும் அதே ஸ்தாயியில் பியானோவின் வலது கை அலங்காரம் செய்யக் கூடாது. வரி முடிந்த இடைவெளியில் வாசிக்கட்டும். பிரிட்ஜின் கடைசி பாரில் வேகத்தை 2, 3 பிபிஎம் குறைத்தால் நெகிழ்ச்சி கிடைக்கும். அந்த மாற்றத்தைக் குரல் பதிவுக்கு முன்பே பதிவு மென்பொருளின் டெம்போ டிராக்கில் (வேகத்தைக் குறிக்கும் தடம்) எழுதிவிடுங்கள். பிறகு செய்தால் பதிந்த குரலை இழுத்துப் பொருத்த வேண்டிவரும்.

5. குரல் பதிவு

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிகச் சத்தமான கோரஸ் வரியைப் பாடச்சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அருகில் நிற்கும்படி கெயினை (மைக்கின் உள்ளீட்டு அளவு) வையுங்கள். 24 பிட்டில் இரைச்சல் பயம் இல்லை, மீட்டரின் சிவப்பை உரசத் தேவையில்லை. கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) கண்டென்சர் மைக்கிலிருந்து வாய் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். நடுவில், ப போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர். மிக நெருங்கினால் கீழ் அலைவரிசை உப்பி, குரல் மந்தமாகும். கோரஸில் 30 சென்டிமீட்டர் வரை பின்வாங்கலாம்.

மைக்கின் முன்பக்கம் எதைப் பார்க்கிறதோ அதுதான் அதிகம் பதிவாகும். ஆகவே பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். ஹெட்ஃபோன் மூடிய வகையாக இருக்க வேண்டும், இல்லையேல் தாளம் காட்டும் கிளிக் ஒலி மைக்கில் கசிந்து, அமைதியான சரணத்தில் தெளிவாகக் கேட்கும்.

முழுப் பாட்டாக 3 டேக் (பாடிப் பதிந்த முறை), பிறகு பகுதி பகுதியாக 3 அல்லது 4. சரணங்களை முதலில், உச்சக் கோரஸைக் கடைசியில் பதியுங்கள். தொகுக்கும்போது சொல்லுக்குச் சொல் வெட்டி ஒட்டாதீர்கள். வரிக்கு வரி எடுங்கள், உணர்வு அறுபடாது. மூச்சொலியை அழிக்க வேண்டாம். 6 டெசிபெல் குறைத்தால் போதும். மூச்சே இல்லாத பாலட் இயந்திரம் பாடியதுபோல் இருக்கும். பிட்ச் திருத்தத்திலும் அப்படியே: நிலைத்து நிற்கும் ஸ்வரம் விலகினால் திருத்துங்கள், வழுக்கிச் சேரும் கமகத்தைத் தொடாதீர்கள்.

6. மிக்ஸிங், மாஸ்டரிங்

குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 250 முதல் 400 ஹெர்ட்ஸில் பியானோவும் குரலும் மோதும். பியானோவில் 2, 3 டெசிபெல் குறையுங்கள், குரலில் அல்ல. உரத்த இடங்களை அடக்கும் கம்ப்ரஸர் 3:1, குறைப்பு 3 முதல் 6 டெசிபெல். அதற்கு மேல் அழுத்தத் தோன்றினால் நிறுத்திவிட்டு, சொல்லுக்குச் சொல் வால்யூமை ஏற்றி இறக்கும் ஆட்டோமேஷன் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் தொழில்முறைப் பதிவுக்கும் வீட்டுப் பதிவுக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான் தெரியும். ச, ஷ ஒலிகள் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் அவற்றைத் தணிக்கும் டீ-எஸ்ஸர்.

ரிவர்பில் (செயற்கை எதிரொலி) பிளேட் வகை, 2 விநாடி வால், 50 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் தாமதம்). அந்தச் சிறு தாமதம் சொல்லை முதலில் கேட்கவிட்டுப் பிறகு எதிரொலியைக் கொண்டுவரும். ரிவர்புக்குள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டாவிட்டால் எல்லாம் சேறாகும்.

ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. பாலட்டை அதைவிட மிக உரக்க நசுக்கினால் சரணத்துக்கும் கோரஸுக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தை இழப்பதுதான் மிச்சம். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபெல்.

7. வெளியீடு

பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்குமான தனி அடையாள எண்), 3000 × 3000 பிக்ஸல் அட்டைப்படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கு விகிதம் எழுத்தில். வெளியீட்டுக்கு 3, 4 வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பினால் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்னும் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டே இடம்பெறும்.

8. எதிர்வினையைப் படிப்பது

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கு. 72 பிபிஎம்மில் அது 9 பார். முதல் சரணம் இன்னும் முடியாத இடம். அதற்குள் பலர் விலகினால் பழி கோரஸின் மேல் இல்லை: முகப்பிசை நீளம் அல்லது முதல் வரி பலவீனம். யூடியூபின் பார்வை நீடிப்பு வரைபடத்தில் இரண்டாம் சரணத்தில் சரிவு தெரிந்தால், அங்கே முதல் சரணத்தின் வாத்தியங்களே மாற்றமின்றித் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சரிவு பிரிட்ஜில் என்றால் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் பிரிட்ஜ் எழுதப்பட்டிருக்கிறது.

சேமித்தவர் எண்ணிக்கையைக் கேட்டவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பாலட்டுக்கு மொத்த ஸ்ட்ரீமைவிட இது உண்மையான அளவுகோல். சில நூறு பேர் கேட்கும்வரை அந்த விகிதத்தை நம்ப வேண்டாம். தூக்கத்துக்கான பட்டியலிலிருந்து வருபவர்கள் சேமிப்பது அரிது, அவர்களைத் தனியே பிரியுங்கள்.

கருத்துகளில் “நல்லா இருக்கு” என்பதில் தகவல் இல்லை. ஒரு வரியை மேற்கோளாக எழுதியிருக்கிறார்களா, எந்த வரி? அதைத் தப்பாக எழுதியிருந்தால் இன்னும் கவனியுங்கள்: உச்சரிப்பு புரியவில்லை, அல்லது குறில் நீண்டுவிட்டது. குரலைத் திருத்தி, வேறு மிக்ஸாக மறுபடி வெளியிட்டால் புது ஐஎஸ்ஆர்சி வாங்குங்கள். அதே ஒலியை வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஏற்றினால் பழைய எண்ணையே கொடுங்கள், சேர்ந்த கணக்கு பிரியாமல் இருக்கும்.