செட்டிநாட்டு வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு வேண்டுமா? முடிவெடுக்கும் முறை

செட்டிநாடு மழை குறைந்த பூமி என்பதால், வெள்ளத்துக்குக் காப்பீடு என்றவுடன் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பலர் அதைக் கடற்கரை ஊர்களின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இங்கே வந்து குடியேறியதாக வழிவழியாகச் சொல்லும் நகரத்தார், தெருவைவிட உயர்ந்த மேடையில் வீடு கட்டி, மழைநீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி ஊரையும் அமைத்தார்கள். அந்த ஏற்பாடு உங்கள் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் படி: ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்யும்போது வெளியே வந்து தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஊருணிக்கான வரத்துக்கால் தூர்ந்திருக்கிறதா, சாலையை மேலே மேலே போட்டு உங்கள் வாசற்படி தாழ்ந்துவிட்டதா, மனை பழைய கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பகுதியில், இருக்கிறதா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். என் கணிப்பில், நவீன வரைபடங்களைவிட அவர்களுடைய நினைவு இந்த விஷயத்தில் அதிகம் உதவும்.

இரண்டாம் படி: இந்தியாவில் வெள்ளப் பாதுகாப்பு பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டின் ஒரு பகுதியாகவே கிடைக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுத் திட்டத்தில் தீ, புயல், நிலநடுக்கம் ஆகியவற்றோடு வெள்ளமும் அடங்கும். ஆகவே வெள்ளத்தை மட்டும் தனியே எடைபோட வேண்டியதில்லை.

மூன்றாம் படி, கணக்கு. மனையின் விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்டும் செலவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1,500 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்தால் 30 லட்சம் ஆகும். இத்திட்டத்தில் வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், பட்டியல் கொடுக்காமலே சேர்ந்துவிடும். இந்தக் கணக்கில் அது 6 லட்சம். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் உள்ள பழைய வீட்டுக்குச் சாதாரண சதுர அடி விலை போதாது என்பதால், அதைச் செப்பனிடத் தெரிந்த கொத்தனாரிடமும் தச்சரிடமும் மதிப்பீடு வாங்குங்கள். நகைக்குத் தனியே பேச வேண்டும்.

நான்காம் படி: ஆண்டில் பல நாட்கள் பூட்டியே கிடக்கும் வீடு என்றால், எத்தனை நாட்கள் ஆளில்லாமல் இருக்கலாம் என்ற விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீட்டுக்கு, யார் பெயரில் எடுப்பது, இழப்பீடு யாரிடம் வரும் என்று முன்பே கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சேதத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு மனக்கசப்பில் முடிகிறது. பராமரிப்பில்லாத நாட்டு ஓட்டின் வழியே ஆண்டுக்கணக்கில் ஒழுகிய நீர் வெள்ளமாகக் கருதப்படாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி முடிவு. தாழ்வான மனையில் கட்டிய புது வீடாக இருந்தால், தயங்காமல் எடுத்துவிடுங்கள். மேடையில் நிற்கும் பழைய வீடாக இருந்தால், பெரிய சேதத்தைக் கையிலிருக்கும் பணத்தில் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அதற்கும் எடுப்பதே சரி. ஏற்கெனவே நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்பதால், புரட்டாசி முடிவதற்குள் விண்ணப்பித்து, முகப்பு முதல் பின்கட்டு வரை படம் எடுத்து, ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் உறவினரிடமும் கொடுத்து வையுங்கள்.