பழைய மஹிந்திரா ஜீப்பை வீட்லயே சரி பண்றது: எங்க ஆரம்பிக்கணும், எதை கடைசிக்கு வைக்கணும்

போடி, கம்பம், வால்பாறை பக்கம் எஸ்டேட் ரோட்ல இன்னமும் ஓடற எம்.எம். 540, சிஜே மாதிரி பழைய ஃபோர் வீல் ஜீப் ஒண்ணு வாங்கி வீட்டு வாசல்ல வச்சு சரி பண்ண நெனைக்கறவங்களுக்கு இது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மொத்த வண்டியையும் ஒரே மூச்சுல பிரிச்சுப் போட்டுடாதீங்க. நெறைய ஜீப் அப்படித்தான் பாதியில நின்னு கடைசியில பழைய இரும்புக் கடைக்குப் போகுது. வண்டி எப்பவும் தள்ளிட்டுப் போற நிலையிலயாவது இருக்கணும், பிரேக் முடிஞ்சா ஸ்டீயரிங், அது முடிஞ்சா ஆக்சில்னு ஒவ்வொண்ணா கை வைங்க. பெயிண்ட் கடைசி.

வாங்கறதுக்கு முன்னாடி ஆர்சி புக்ல இருக்கற சேஸ் (வண்டியோட அடிச்சட்டம்) நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாத்துடுங்க, இல்லன்னா எவ்ளோ நல்ல வண்டியா இருந்தாலும் விட்டுடுங்க. அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்ன சுத்தியலும் எடுத்துட்டு அடியில படுங்க. பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்) மாட்டற ஹேங்கர் சேஸ்ல சேர்ற எடம், ரெண்டு பக்க சட்டத்தையும் குறுக்கால இணைக்கற கிராஸ் மெம்பர் முனை, இங்கெல்லாம் தட்டுனா கணீர்னு கேக்கணும். பொத்துனு கேட்டாலோ ஸ்க்ரூடிரைவர் உள்ள எறங்கினாலோ சேஸ் உள்ளுக்குள்ள துரு புடிச்சிருக்குன்னு அர்த்தம், அது வீட்ல பாக்கற வேலை இல்ல, நல்ல வெல்டர்கிட்டதான் போகணும்.

ரொம்ப நாள் நின்ன டீசல் வண்டின்னா உடனே செல்ஃப் அடிக்காதீங்க. ஹீட்டர் பிளக்கை கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில ஸ்பேனர் போட்டு கையாலயே க்ராங்கை (இன்ஜினோட மெயின் ஷாஃப்ட்) சுத்திப் பாருங்க. தாராளமா சுத்துனா பழைய டீசலை எறக்கி, டேங்க் கழுவி, ஃபில்டர் மாத்தி, டீசல் லைன்ல மாட்டின ஏரை வெளிய எடுத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.

பிரேக்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. வீல் சிலிண்டர் கிட், ஹோஸ், துரு புடிச்ச பைப் எல்லாமே புதுசு. பின்னாடி பிரேக் லைனர்ல கிரீஸ் மாதிரி ஆயில் படிஞ்சிருந்தா ஆயில் சீலை மாத்தறதுக்கு முன்னாடி ஆக்சில் மேல இருக்கற பிரீதரை (உள்ள இருக்கற காத்து வெளிய போற சின்ன வழி) பாருங்க. அது மண்ணு அடைச்சிருந்தா உள்ள சூடாகற காத்து வெளிய போக வழியில்லாம ஆயிலை சீல் வழியா தள்ளும், எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகிட்டேதான் இருக்கும்.

இப்போ ஸ்டீயரிங். ஒரு பள்ளத்துல எறங்கினதும் முன் வீல் ரெண்டும் தடதடன்னு ஆடுற வியாதி இந்த வண்டிங்கள்ல ரொம்ப சகஜம், எல்லாரும் முதல்ல ஸ்டீயரிங் பாக்ஸைதான் சந்தேகப்படுவாங்க, ஆனா நெறைய வண்டியில குத்தம் கிங்பின் (முன் வீல் திரும்பறதுக்கு அச்சா இருக்கற பின்) பேரிங்லதான் இருக்கும். முன்னாடி ஜாக்கி போட்டு ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. டயரோட மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, உதவிக்கு ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா அது வீல் பேரிங், மிதிச்சும் ஆடுனா கிங்பின். கிங்பின் பேரிங் கேப்புக்கு அடியில மெல்லிசா தகடுங்க இருக்கும், அதுதான் ஷிம், பேரிங் நல்லா இருந்தா ஷிம்மை ஒண்ணொண்ணா எடுத்து டைட் பண்ணிப் பாருங்க, ஆட்டமே இருக்கக்கூடாது, ஆனா ரெண்டு முன் வீலையும் சேத்து திருப்பற டை ராடை கழட்டிட்டு கையால திருப்பினா லேசான இறுக்கத்தோட திரும்பணும். பேரிங்ல குழி விழுந்திருந்தா மாத்தியே ஆகணும். டை ராட் எண்டும் பட்டை புஷ்ஷும் இதோடயே பாத்துடுங்க.

அடுத்தது கியர் பாக்ஸ்ல இருந்து வர்ற சக்தியை முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ், இந்த வண்டியோட உயிரே அதுதான். கியர் பாக்ஸ்ல ஆயில் கொறைஞ்சு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஏறிட்டே இருந்தா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சீல் போயிடுச்சு. லோ கியர் ஏத்தத்துல தானா நழுவினா ஷிஃப்ட் ராட்ல இருக்கற ஸ்ப்ரிங், சின்ன இரும்புக் குண்டு ரெண்டையும் முதல்ல மாத்துங்க, அது மலிவான வேலை. அப்பவும் நழுவினாதான் பிரிச்சு நடு ஷாஃப்ட், த்ரஸ்ட் வாஷர் தேய்மானத்தை பாக்கணும். சிங்க்ரோ (கியர் சத்தமில்லாம விழ உதவற பித்தளை வளையம்) இருக்கற கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில் கேட்டு வாங்குங்க, ஏன்னா சில ஜிஎல்-5 ஆயில் பித்தளை வளையத்தை அரிச்சுடும். சாமான் கடையில கெடைக்கலன்னா சென்னைக்காரங்களுக்கு பழைய வண்டி பாகம் விக்கற புதுப்பேட்டை இருக்கு, பழைய பாகத்தை கையில எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டு வாங்குங்க.

டிங்கரிங்க்கு வந்தா, ஓட்டை விழுந்த தகரத்து மேல பட்டி பூசி மறைக்காதீங்க, ஒரு மழைக்காலம் தாங்காது. நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு சிஓடூ வெல்டிங்ல புது தகரம் வைங்க, பேட்டரி வயரை கழட்டிட்டு, டீசல் டேங்கை தூரமா வச்சுட்டு. காலி டேங்க்தானேன்னு அதுலயே வெல்டிங் வைக்கவே கூடாது, உள்ள நிக்கற ஆவி வெடிச்சுடும். அப்புறம் எபாக்ஸி ப்ரைமர், பெயிண்ட். கலரோ இன்ஜினோ மாத்தறதா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு ஆர்சியில ஏத்தணும், 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருதடவை ஆர்சி ரினிவல் வேற இருக்கு.

எல்லாம் முடிஞ்சதும் ஃபோர் வீலை மண்ணு ரோட்லயோ ஈரப் புல்லுலயோ போட்டு சோதிங்க, காஞ்ச தார் ரோட்ல வேண்டாம். இதுல நடு டிஃபரென்ஷியல் (முன் வீலும் பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) கெடையாது, வளைவுல முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் ஓடும்போது அந்த முறுக்கு முழுசும் கியர்லயும் ஷாஃப்ட்டை இணைக்கற கிராஸ்லயும்தான் ஏறும். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானம் இருக்கணும்னு சொல்றதும் இதுக்குத்தான்.