நழுவும் தோள்மூட்டுக்கு எந்தப் படம், எப்போது?

தோள்மூட்டு விலகிய ஒருவரைப் படமெடுக்க அனுப்பும் மருத்துவர், மேற்கை எலும்பின் பந்து இப்போது கிண்ணத்தில் இருக்கிறதா என்பதை அறிய ஒரு படமும், அது ஏன் மறுபடி மறுபடி நழுவுகிறது என்பதை அறிய வேறு படமும் தேவைப்படும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்கு எக்ஸ்ரே போதும். ஆனால் நேர்முகமாக எடுத்த ஒரே படத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலான விலகல்களில் பந்து முன்னும் கீழுமாகச் சரிந்திருக்கும் என்பதால் அது எளிதில் தெரிந்துவிடும். வலிப்பு வந்தவரிடமும் மின்சாரம் தாக்கியவரிடமும் ஏற்படக்கூடிய பின்புற விலகல்தான் ஏமாற்றும். அப்போது கை உட்புறமாகத் திரும்பியிருப்பதால் பந்து குண்டு பல்பு போல உருண்டையாகத் தோன்றும். அதைத் தவிர வேறு பிசகு கண்ணில் படாமலும் போகலாம். எனவே அக்குள் வழியாக எடுக்கும் படத்தையும் கேட்டுப் பெறுங்கள். வலியால் கையை விலக்க முடியாதவருக்கு, கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்ட கையை அசைக்காமலேயே, அவரைப் பின்பக்கம் சாயச் செய்து மேலிருந்து எடுக்கும் வெல்போ படம் கைகொடுக்கும். மூட்டைச் சேர்த்த பிறகும் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையம் கிழிவதைப் பாங்கார்ட் காயம் என்றும், விளிம்பில் மோதிப் பந்தின் பின்புறத்தில் விழும் பள்ளத்தை ஹில்-சாக்ஸ் பள்ளம் என்றும் சொல்வார்கள். லேப்ரத்தைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். விலகிய சில நாட்களுக்குள் எடுத்தால் மூட்டில் தேங்கிய இரத்தமே லேப்ரத்தைப் பிரித்துக் காட்டிவிடும். நாளான பிறகு, நீர்த்த கடோலினியம் மருந்தை மூட்டுக்குள் செலுத்தி எடுக்கும் ஆர்த்ரோகிராம் தெளிவாக இருக்கும். நாற்பது வயதைக் கடந்தவரிடம் லேப்ரத்தோடு நின்றுவிடாமல், தோளைச் சுழற்றும் தசைநாண்கள் கிழிந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்தவர்களுக்குப் படத்தில் எந்தக் காயமும் இல்லாமல் போகலாம். அதனால் அவர் சொல்லும் தொல்லையைச் சந்தேகிப்பது தவறு.

விலகல் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருந்தால் எலும்புத் தேய்மானத்தை அளக்க முப்பரிமாண சி.டி. எடுக்கச் சொல்வது வழக்கம். கணினியில் மேற்கை எலும்பை நீக்கிவிட்டு, கிண்ணத்தை நேர்முகமாகத் திருப்பி, அதன் கீழ்ப்பகுதியோடு பொருந்தும் வட்டம் ஒன்றை வரையுங்கள். விட்டம் 28 மி.மீ., முன்விளிம்பில் எலும்பு இழந்த அகலம் 6 மி.மீ. என்றால் இழப்பு ஏறத்தாழ 21 சதவீதம். அடுத்து விட்டத்தை 0.83 ஆல் பெருக்கி, இழந்த அகலத்தைக் கழித்தால் 17 மி.மீ. சொச்சம் வரும், கிண்ணம் பந்தின்மேல் தொட்டுச் செல்லும் தடத்தின் அகலம் அது. பந்தில் தோளைச் சுழற்றும் தசைநாண் ஒட்டியிருக்கும் இடத்தின் உள்விளிம்பிலிருந்து ஹில்-சாக்ஸ் பள்ளத்தின் உள்விளிம்பு வரை அளந்த தூரம் அதைவிட அதிகமானால், பள்ளம் கிண்ணத்தின் விளிம்பில் சிக்கி மூட்டை நழுவச் செய்யும் அபாயம் உண்டு.

அறிக்கையில் ‘லேசான எலும்பு இழப்பு’ என்று எழுதுவது யாருக்கும் உதவாது. லேப்ரத்தை மட்டும் தைத்தால் போதுமா, இல்லை லாட்டார்ஜே முறையில் எலும்பை வெட்டி வைத்துக் கிண்ணத்தை அகலப்படுத்த வேண்டுமா என்று அறுவை மருத்துவர் இந்த அளவுகளைப் பார்த்தே ஆராய்வதால், அவற்றை மில்லிமீட்டரிலும் சதவீதத்திலும் குறித்து அனுப்புங்கள்.