பொது இடங்களில் டிஃபிப்ரிலேட்டர்: வாங்கி வைத்தால் மட்டும் போதாது

பொது இடங்களில் தானியங்கி டிஃபிப்ரிலேட்டரை, அதாவது திடீரென இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்க உதவும் கருவியை, கட்டாயமாக்கும்போது நேரும் முதல் தவறு, கட்டடத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கையில் நின்றுவிடுவதாகும். திடீரென இதயம் நின்றவருக்கு எந்த உதவியும் கிடைக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆகவே, ஒருவர் ஓடிச்சென்று கருவியை எடுத்துவர எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான் அளக்க வேண்டும். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில், பயிற்சி பெற்ற காவலாளிகள் இக்கருவியை இயக்கியதைப் பற்றிய ஆய்வொன்று 2000-இல் வெளியானது. பிறர் கண்ணெதிரே விழுந்து, 3 நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதத்தினர் பிழைத்தனர். அதற்குமேல் தாமதமானபோது அது 49 சதவீதமாகக் குறைந்தது. கருவியை மேலாளரின் அறையில் பூட்டி வைப்பது இந்த நிமிடங்களைத்தான் பறிக்கிறது.

பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடலாம் என்று விதிப்பதும் தவறு. கருவி இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவையிருந்தால் மட்டுமே மின்னதிர்ச்சிக்கு அனுமதிக்கிறது. செய்ய வேண்டியதைக் குரலாலும் சொல்கிறது. பயிற்சி மிகவும் நல்லதே, ஆனால் அது இல்லாதவரைத் தடுக்கும் காரணமாக அது ஆகிவிடக் கூடாது.

பயன்படுத்தும்போது நேரும் தவறுகளில் மிகக் கொடியது, விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சை இயல்பான சுவாசம் என்று நம்பிக் காத்திருப்பது. உணர்வின்றி அவ்வாறு திணறுபவருக்கு, அவசர உதவியை அழைத்துவிட்டு, கருவி வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, மார்பின் நடுவே அழுத்த வேண்டும். மின்னதிர்ச்சி கொடுத்தபின் நாடியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அழுத்தத்தைத் தொடர வேண்டும். மின்னதிர்ச்சியை உடலுக்குள் செலுத்தும் ஒட்டுப்பட்டைகளை ஆடையின்மேல் ஒட்டினால் பயனில்லை. ஈரத்தைத் துடைத்து, வெறும் தோலில் ஒட்ட வேண்டும். விழுந்தவர் பெண் என்பதால் ஆடையை விலக்கத் தயங்குவது அவருடைய உயிரையே பறிக்கக்கூடும் என்பதைப் பயிற்சியிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்பு எல்லோருடைய பொறுப்பு என்றால் யாரும் பார்ப்பதில்லை. பட்டைகளின் பசை காய்ந்துபோகும், பேட்டரி தீரும். இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. எனவே நிலைகாட்டும் விளக்கையும் அத்தேதிகளையும் சரிபார்க்க ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். பட்டைகள் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை என்பதால், மாற்று இணை ஒன்றையும் அதே பெட்டியில் வைக்கும்படி விதியிலேயே சேர்க்க வேண்டும்.