நண்டுக் கம்பெனியில் ஆள் நிற்க வேண்டுமா?

மண்டபம், பாம்பன் பக்கம் நண்டை உடைத்துச் சதை எடுக்கும் சின்னக் கம்பெனிகளில் ஆள் நிற்பதில்லை என்றால், கூலி பத்தவில்லை என்றுதான் முதலாளிகள் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கணக்கு விளங்காத இடத்தில் கூடுதல் கூலி கொடுத்தாலும் ஆள் தங்காது.

முதலில் தராசைப் பாருங்கள். அதன் முகப்பு முதலாளி பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் இன்றே திருப்பி வையுங்கள். ஃபேன் காற்று நேரே அடித்தால் எண் ஆடும், தள்ளி வையுங்கள். வெறும் தட்டை வைத்துச் சுழியமாக்குவதை, சதை எடுத்த அக்கா கண்முன்னே செய்யுங்கள். பெரிய சண்டையெல்லாம் 'தண்ணீர்க் கழிவு' என்று கிலோவுக்கு 50 கிராம் பிடிப்பதில்தான் வரும். ஒருவர் நாளுக்கு 6 கிலோ சதை எடுத்தால் 300 கிராம் போச்சு. கிலோவுக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டாலும் 18 ரூபாய். அதற்குப் பதில், சதையைச் சல்லடையில் ஐந்து நிமிடம் வடியவிட்டு நிறுங்கள், பிறகு கழிவே பிடிக்காதீர்கள். நிறுத்ததை அவர் கையிலுள்ள சின்ன நோட்டிலும் உங்கள் நோட்டிலும் அப்போதே எழுதுங்கள். சாயங்காலம் மொத்தமாக எழுதினால் கட்டாயம் தகராறுதான்.

அடுத்தது காத்திருப்பு. நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, சரக்கு ஏழு மணிக்கு வந்தால் அந்த மூன்று மணி நேரம் யார் கணக்கு? உடைத்த கிலோவுக்குத்தான் கூலி என்பதால் பலர் ஒன்றும் கொடுப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டாலும், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். கரையில் ஆள் வைத்துச் சரக்கு இறங்கியபின் போனில் கூப்பிட்டால் இந்தச் செலவே பாதி குறையும். வலை வாரம் முழுக்க ஒரே மாதிரி பிடிக்காது. வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை எல்லாம் உண்டு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் சனிக்கிழமை போனால் ஞாயிறு காலை கரை சேரும். அந்தச் சரக்கையும் எடுப்பவர் என்றால், சர்ச்சுக்கு ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்கு எத்தனை மணிக்கு வேலை என்று சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.

இனி முன்பணம். இங்கேதான் நல்ல முதலாளியும் கெடுவார். பத்தாயிரம் கொடுத்த கையோடு, 'என்னிடம் வாங்கியிருக்கிறாள், எப்போது கூப்பிட்டாலும் வரணும்' என்ற எண்ணம் வந்துவிடும். கடனைக் காட்டி வேறு இடத்துக்குப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அப்படி மடக்கிய ஆள் சதையில் ஓட்டுத் துண்டு விட்டால்கூட கவலைப்பட மாட்டார். பற்றுக்கு, அதாவது கொடுத்த முன்பணத்துக்குத் தனிப் பக்கம், கூலிக்குத் தனிப் பக்கம் போடுங்கள். வாரம் 250 ரூபாய் பிடித்தால் 10,000 அடைய 40 வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். சரக்கு குறைந்து வேலை படுத்துவிடும். அந்த வாரங்களில் பிடித்தமே வேண்டாம். பிடித்தே தீருவேன் என்றால் அரிசிக்கு உங்களிடமே மறுபடி கடன் கேட்பார், பற்று ஏறத்தான் செய்யும்.

திட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சதை வாங்கும் ஏஜென்ட் விலையை இறக்கிய கோபத்தை நண்டு மேசையில் இறக்காதீர்கள். சதையில் ஓடு கிடந்தால் அந்தத் தட்டைக் காட்டி, அந்த ஒருவரிடம், மெதுவாகச் சொல்லுங்கள். வயதில் மூத்தவரை 'ஏ, இந்தா' என்று கூப்பிடும் முதலாளிக்கு ஊரில் ஒரு பெயர் விழும். புது ஆள் தேடும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

விரலில் முள் குத்துவது தினசரி நடப்பது. டெட்டால், பஞ்சு, பிளாஸ்திரி மேசைப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்குக் காசு பிடிப்பது அற்பத்தனம். ராமேஸ்வரத்தில் சங்கு, பாசிக் கடை வைத்திருப்பவர்களும் கவனிக்க: 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியபின் வேலையாட்கள் உட்கார இருக்கை போட்டே ஆக வேண்டும்.

ஒருவர் விலகுகிறேன் என்றால் இரண்டு நாளுக்குள் கூலியை முடித்துக் கொடுங்கள். பற்று மீதியிருந்தால் எவ்வளவு, எத்தனை தவணை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.