மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு அங்கன்வாடியில் பத்தொன்பது வருடமாக டீச்சராக இருக்கிறேன். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வந்தால் பேர், எடை, உயரம் எல்லாம் எழுதி முடித்ததும் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பல்லைப் பார்த்துவிடுவேன். அம்மாமார்களுக்கு முதலில் அது விசித்திரமாக இருக்கும்.

மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரிப்பாள். தூக்கிப் பார்த்தேன். மேல் முன்பல் நான்கும் ஈறு வரை கரைந்து, பழுப்பு முளைகளாக நின்றன. கீழ் வரிசை மட்டும் அரிசி போல வெள்ளை. "பூச்சி தின்னுருச்சு டீச்சர். பால் பல்லுதானே, விழுந்து முளைக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள் அம்மா. ராத்திரி என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். சர்க்கரை போட்ட பால், பாட்டிலில். அது வாயில் இருந்தால்தான் தூங்குவாளாம்.

பல்லில் பூச்சி எதுவும் இல்லை. எல்லார் வாயிலும் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பாட்டில் குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும், அதனால் அவை தப்பிக்கும். பால் தேங்குவது மேல் முன்பல்லைச் சுற்றித்தான். தூக்கத்தில் எச்சிலும் குறைவாகத்தான் ஊறும், கழுவிவிட ஆளில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு பல்லை எடுக்க வேண்டி வந்தது. ஒரு வருடம் முன்பு உதட்டைத் தூக்கியிருந்தால் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு தெரிந்திருக்கும். அந்த நிலையில் பல் டாக்டரிடம் போனால் பல்லை மீட்டுவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு தானாகச் சரியாகாது. அதனால் மாதம் ஒரு தரம், பகல் வெளிச்சத்தில், வாசற்படியில் உட்கார்ந்து பாருங்கள்.

"விழப்போகிற பல்தானே" என்று இங்கே பாதி வீட்டில் சொல்வார்கள். பால் பல் மொத்தம் 20. முன்பல் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும். சோறு மெல்வது அதில்தான், பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். சீக்கிரம் போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, புதுப் பல் கோணலாக வரும்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், வீடே தூங்காது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். அப்புறம் பாலில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீர் ஆகிவிடும், அதன் மேல் பிள்ளைக்கே ஆசை போய்விடும். ஒரு வயதிலிருந்து டம்ளரில் குடிக்கப் பழக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பல் முளைத்த பிறகு, ராத்திரி குடித்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

பல் முளைக்கும் முன்பே, சுத்தமான வெள்ளைத்துணியை விரலில் சுற்றி நனைத்து ஈறைத் துடைத்துப் பழக்கலாம். 6 மாத வாக்கில் கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கும். அன்றே பிரஷ். பேஸ்ட் 3 வயது வரை ஒரு அரிசி மணி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிதுக்குவது போல நீட்டமாக வேண்டாம். உமிக்கரி, செங்கல் பொடி, உப்புக்கல் எதுவும் வேண்டாம். என் அம்மிச்சி (பாட்டி) உமிக்கரியில்தான் தேய்த்தாள், அவள் பல் எல்லாம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தேய்ப்பது உங்கள் கையாக இருக்க வேண்டும். பிரஷைப் பிள்ளை கையில் கொடுத்தால் சப்பும், அவ்வளவுதான். தரையில் கால் நீட்டி உட்காருங்கள். பிள்ளையின் தலை உங்கள் மடியில், கால் உங்கள் கால் பக்கம். ஒரு கை விரலால் உதட்டை விலக்குங்கள். பிரஷின் மயிர் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். மேல், கீழ், உள்பக்கம், கடைவாயின் மெல்லுகிற மேல்பக்கம். இரண்டு நிமிடம். முதல் வாரம் அழும். நான் மேல் வரிசைக்கு ஒரு பாட்டு, கீழ் வரிசைக்கு ஒரு பாட்டு என்று பாடுவேன், பாட்டு முடிந்தால் வேலை முடிந்தது என்று அதற்கே தெரிந்துவிடும். காலையில் ஒரு தரம், தூங்கும் முன் ஒரு தரம். ஒன்றுதான் முடியும் என்றால் ராத்திரியை விடாதீர்கள். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

மிட்டாயை ஒழி என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. எவ்வளவு தின்றது என்பதைவிட எத்தனை தரம் தின்றது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு தரமும் அரை மணி நேரத்துக்குப் பல் அமிலத்தில் நனைகிறது. நாள் பூராவும் ஒவ்வொன்றாகக் கொடுக்காமல், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அங்கன்வாடியில் கொடுக்கும் அமிர்தம் பொடி என்ற சத்துமாவிலும் சர்க்கரை உண்டு. காய்ச்சிக் கஞ்சியாகக் கொடுங்கள். டப்பாவோடு கொடுத்தால் பிள்ளை விரலில் தொட்டு நக்கிக்கொண்டே திரியும், பொடி பல்லில் அப்பிக்கொள்ளும். இருமல் சிரப் கொடுத்த பிறகும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இனி தண்ணீர். எங்கள் பக்கத்துக்கென்று உள்ள சங்கதி இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கேரளா என்றால் மழை என்பார்கள், சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு. கிணறு வற்றி போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம். ஆழத்துப் பாறையிலிருந்து வரும் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு பல இடத்தில் அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. என் முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு உண்டு, சின்ன வயதில் குடித்த தண்ணீர் போட்டது. இது சொத்தை இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே விழுகிற கறை. நிலையான முன்பல் ஈறுக்குள் உருவாவது பிறந்ததிலிருந்து 4, 5 வயதுக்குள். அதனால் பிள்ளைக்கு என்ன தண்ணீர் என்பதை, பல் தெரியும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

போர் தண்ணீரை, கேரளக் குடிநீர் வாரியமான வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அதிகம் என்று வந்தால் காய்ச்சிக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நின்று இன்னும் செறிவாகும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் எடுக்காது, ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் எடுக்கும். அது இல்லாத வீட்டில், குளிக்கத் துவைக்க போர் தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைக்குக் குடிக்கவும் கஞ்சிக்கும் குழாய்த் தண்ணீரைத் தனிக் குடத்தில் வையுங்கள். பேஸ்டிலும் ஃபுளோரைடு இருக்கிறதே என்று, இதைக் கேட்டுப் பேஸ்டை நிறுத்திவிடாதீர்கள். அரிசி மணி அளவு, துப்ப வைப்பது, துப்பத் தெரியாத பிள்ளைக்குத் துணியால் துடைப்பது. போர் தண்ணீர் குடிக்கும் வீடு என்று பல் டாக்டரிடம் சொல்லி, எந்தப் பேஸ்ட் என்று அவரையே கேளுங்கள். அவரிடம் முதல் தரம் போக வேண்டியது முதல் பிறந்தநாள் வாக்கில், வலி வந்த பிறகு அல்ல.

விழுந்து அடிபட்டால் ஒன்று நினைவில் வையுங்கள். பால் பல் பிடுங்கிக்கொண்டு வந்தால் திரும்பச் செருகக் கூடாது. நிலையான பல் வந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள்.

முதல் பல் தானாக விழுந்ததும் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவோமே, அந்த நாளில் பிள்ளையை வாய் திறக்கச் சொல்லி வரிசையின் ஆகக் கடைசிப் பக்கம் பாருங்கள். 6 வயதில், அந்த இடத்தில் எந்தப் பல்லும் விழாமலே, பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் வந்து நிற்கும். பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் மேல் ஆழமான வரிகள் இருக்கும், சோறு அங்கே போய் அடையும். பிரஷைக் குறுக்காக, கன்னத்துப் பக்கமிருந்து விட்டால்தான் அது எட்டும்.